ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு: ஒரு வரவு செலவுக் கணக்கு



சென்ற பொங்கல் விழா முடிந்த அன்று இரவே நமது அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. கோலப் போட்டி, உறியடி, குழந்தைகளின் மாறுவேடம் என்று எதுவும் விட்டுப்போகவில்லை. இதே விழா 1995-ல் நடந்திருந்தால் ஒரு ரோல், 36 படம், அவ்வளவுதான். அந்த ஒரு ரோலுக்கும் பொருளாளர் ரசீது கேட்டிருப்பார். இன்று யாரும் ரசீது கேட்பதில்லை. படம் எடுப்பது இலவசம் என்ற நினைப்பு நமக்கு வந்துவிட்டது.

வங்கியில் கிளார்க்காகக் காலம் கழித்தவனுக்கு 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டாலே சந்தேகம்தான். ஒரு செலவு ஒரு தலைப்பிலிருந்து மறைந்தால் அது வேறு ஏதோ ஒரு தலைப்பில் ஏறியிருக்கும். புகைப்படக் கலை ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிய கதையை அந்தக் கண்ணோடு பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதுதான் இந்தக் கட்டுரை.

ஸ்டுடியோ காலம்

சிவகாசி, விருதுநகர் பக்கம் கடைவீதியில் இருந்த ஸ்டுடியோக்களை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பின்னால் திரை, முன்னால் ஸ்டூல், இரு பக்கமும் விளக்கு. வங்கிக் கணக்கு தொடங்க, பாஸ்போர்ட் எடுக்க, பெண் பார்க்க என்று எதற்கும் அங்கேதான் போக வேண்டும். படம் எடுத்த பின் இருட்டறையில் ஃபிலிமைக் 'கழுவ' வேண்டும். டெவலப்பரில் போட்டால் உருவம் எழும்பும். ஹைப்போவில் போட்டால் அது நிலைத்து நிற்கும். முகத்தில் அம்மைத் தழும்போ சுருக்கமோ இருந்தால், நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் மெல்லத் தீட்டி மறைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே 'டச்-அப்' உண்டு.

படத்தை வாங்கும்போது உறையின் மேல் ஓர் எண் எழுதித் தருவார்கள். அதுதான் நெகட்டிவ் நம்பர். இரண்டு வருடம் கழித்துப் போய் அந்த எண்ணைச் சொன்னால் மறுபடி பிரிண்ட் கிடைக்கும். அதாவது படத்தின் மூலம் ஸ்டுடியோவில் இருந்தது; நம்மிடம் இருந்தது பிரதி. எங்கள் வங்கியில் லெட்ஜரும் பாஸ்புக்கும் இருந்தது போல. வைத்துக் காக்கும் வேலை ஸ்டுடியோக்காரருடையது. அதற்கான கூலியும் நாம் கொடுத்த காசிலேயே அடங்கியிருந்தது.

ஊட்டியில் ஒரு தொழிற்சாலை

அந்த ஃபிலிம் எங்கிருந்து வந்தது? சுதந்திரத்துக்குப் பிறகும் பல காலம் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. அந்நியச் செலாவணி தட்டுப்பாடான நாட்கள் அவை. நாமே ஃபிலிம் செய்துகொள்ள வேண்டும் என்று மத்திய அரசு 1960-ல் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. இடம் நமது உதகமண்டலம். ஃபிலிம் செய்வதற்குத் தூசி இல்லாத காற்றும் குளிர்ச்சியும் வேண்டும். இரண்டும் ஊட்டியில் இருந்தன. பிரான்ஸ் நாட்டு பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1967-ல் உற்பத்தி தொடங்கியது. பிராண்டின் பெயர் 'இந்து'. இந்து என்றால் நிலவு. தொழிற்சாலை இருந்த பகுதிக்கே இந்து நகர் என்று பெயர் வந்துவிட்டது.

ஃபிலிமின் உயிர் வெள்ளி. வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உப்புச் சேர்மமாக மாற்றி, ஜெலட்டினில் கலந்து, மெல்லிய பிளாஸ்டிக் சுருளின் மேல் சீராகப் பூச வேண்டும். ஒளி பட்டால் கெட்டுவிடும் என்பதால் இதை இருட்டில்தான் செய்ய முடியும். இருட்டிலேயே நடந்து, இருட்டிலேயே வேலை செய்து பழகிய தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். கறுப்பு வெள்ளை ரோல், எக்ஸ்ரே ஃபிலிம், சினிமாவுக்கான ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் எத்தனையோ அந்த இருட்டில் பிறந்தவை.

அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. டிஜிட்டல் வந்து மூடவைத்தது என்று சொல்வது வழக்கம். ஆனால் வருட வரிசையைப் பார்த்தால் கதை அவ்வளவு எளிதாக இல்லை. 1980-களிலேயே மக்கள் கலர் படத்துக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். 1991-க்குப் பின் இறக்குமதி எளிதானது. எக்ஸ்ரே ஃபிலிமுக்கான பெரிய திட்டத்துக்கு வாங்கிய கடன் தலைக்கு மேல் நின்றது. 1990-களின் நடுவிலேயே நிறுவனம் நலிவுற்ற ஆலைகளின் பட்டியலுக்குப் போய்விட்டது. அப்போது டிஜிட்டல் கேமரா நம் ஊரில் யார் கையிலும் இல்லை. அதன் பிறகு வட்டி குட்டி போட்டது. கடைசி ஆண்டுகளில் வருட நஷ்டம் 1,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி வட்டி. விற்பனை தேய்ந்துகொண்டே போக, 2010-களில் விருப்ப ஓய்வுடன் ஆலையின் கதை முடிந்தது.

ஆக, டிஜிட்டல் வந்து கதவைத் தட்டியபோது வீட்டுக்காரர் ஏற்கெனவே படுக்கையில் இருந்தார். நல்ல நிலையில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்றால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் உலகத்திலேயே பெரிய ஃபிலிம் கம்பெனியான கோடக்கும் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

கேசட்டில் பதிந்த படம்

இதில் வேடிக்கை என்னவென்றால், கையில் எடுத்துச் செல்லக்கூடிய டிஜிட்டல் கேமரா பிறந்ததே கோடக் வீட்டில்தான். ஒளியை மின்சாரமாக மாற்றிப் படிக்கும் சிசிடி என்ற சில்லை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் 1969-ல் கண்டுபிடித்தார்கள். அதற்காக 40 வருடம் கழித்து, 2009-ல், நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சில்லை வைத்து 1975-ல் கோடக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் ஒரு கேமராவைப் பொருத்தினார். எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. படத்தில் மொத்தம் 10,000 புள்ளி. ஒரு படம் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி. பார்க்க டிவி பெட்டி வேண்டும்.

ஃபிலிமில் லாபம் கொட்டிக்கொண்டிருந்த கம்பெனிக்கு அதில் அவசரம் இல்லை. 1991-ல் அதே கோடக், நிக்கான் உடம்பில் டிஜிட்டல் பாகம் பொருத்தி, பத்திரிகைக்காரர்களுக்காக ஒரு கேமராவை விற்றது. 13 லட்சம் புள்ளி. ஹார்டு டிஸ்க் பெட்டியைத் தனியாகத் தோளில் தொங்கவிட வேண்டும். விலை 20,000 டாலர் அளவில். 1999-ல் நிக்கான் டி1 வந்தது. 27 லட்சம் புள்ளி, 5,000 டாலருக்குச் சற்று மேல். 2003-ல் கேனான் 300டி. 63 லட்சம் புள்ளி, 1,000 டாலருக்குள். பன்னிரண்டு வருடத்தில் புள்ளி ஐந்து மடங்கு ஏறியது, விலை இருபதில் ஒரு பங்காக இறங்கியது. இப்படி ஒரு சரிவை எந்தத் தொழிலும் தாங்காது.

யார் முதலில் மாறினார்கள்?

இங்கேதான் பி.காம். படித்தது உபயோகப்படுகிறது. 'சீரியஸாகப் படம் எடுப்பவர்கள் ஃபிலிம் மீது உள்ள பாசத்தால் மாறத் தயங்கினார்கள்' என்பார்கள். பாசம் இருந்திருக்கலாம். ஆனால் கணக்கும் இருந்தது.

ஃபிலிமில் ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. இது மாறும் செலவு. டிஜிட்டலில் முதலிலேயே பெரிய தொகை. அதன் பின் கிளிக்குக்குக் காசில்லை. இது நிலையான செலவு. ஒரு உதாரணத்துக்கு, ரோல் வாங்கி, கழுவி, பிரிண்ட் போட 250 ரூபாய் என்றும், டிஜிட்டல் கேமரா 60,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 240 ரோல் எடுத்தால் கேமரா விலை கட்டிவிடும். ஒரு கல்யாணத்துக்கு 10 ரோல் எடுப்பவருக்கு 24 கல்யாணம் போதும். இரண்டு முகூர்த்த சீசனில் முடிந்துவிடும். வருடத்துக்கு 4 ரோல் எடுக்கும் குடும்பத்துக்கு? 60 வருடம்!

எனவே கல்யாணப் புகைப்படக்காரரும் பத்திரிகைக்காரரும் முதலில் மாறினார்கள். மலையையும் கோவிலையும் பறவையையும் தேடிப்போய், ஒரு நாளில் பத்துப் படம் மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்தவர்கள் கடைசியில் மாறினார்கள். அவர்களுக்கு ஃபிலிம் செலவு பெரிதல்ல. படத்தின் தரம்தான் பெரிது. அந்தத் தரம் 2003-ல் இன்னும் முழுதாக வரவில்லை.

மாறியவர்களும் புதிதாகப் பாடம் படிக்க வேண்டியிருந்தது. கலர் நெகட்டிவ் ஃபிலிம் பொறுமையானது. கொஞ்சம் அதிக வெளிச்சம் பட்டாலும் பிரிண்ட் போடும்போது சரிசெய்துகொள்ளலாம். டிஜிட்டல் அப்படியல்ல. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் வெளிச்சம் அளவு மீறினால் அந்த இடம் வெற்று வெள்ளையாகிவிடும். மடிப்பும் கரையும் திரும்பி வராது. ஸ்லைடு ஃபிலிமில் பழகியவர்களுக்கு இந்தக் கண்டிப்பு ஏற்கெனவே தெரியும் என்பதால் அவர்கள் சீக்கிரம் தேறினார்கள்.

வரவும் உண்டு. நம் பகுதிக்கு ஏற்ற உதாரணம் சொல்கிறேன். வானத்தில் வெடிக்கும் பட்டாசைப் படம் பிடிக்க, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரைச் சில விநாடி திறந்தே வைக்க வேண்டும். ஃபிலிமில் இதை ஊகத்தில்தான் செய்வார்கள். ரோல் முடிந்து, கழுவி வந்த பிறகுதான் தேறியதா என்று தெரியும். அதற்குள் தீபாவளி போய்விடும். டிஜிட்டலில் முதல் வாணம் அணைவதற்குள் பின்னால் திரையில் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அடுத்த வருடம் கற்க வேண்டியதை அடுத்த நிமிடத்தில் கற்கலாம். இது சாதாரண வரவு அல்ல.

சிவகாசியின் கணக்கு

ஒரு படம் தரமானதா என்பதற்குச் சிவகாசியை விடக் கடுமையான பரீட்சை ஏது? 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை நமக்குத் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும். அதிலிருந்து அச்சுத் தொழில் வளர்ந்தது. பிறகு காலண்டர் வந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சில் ஏறித்தான் நாட்டின் பூஜை அறைகளுக்குப் போனார்கள்.

ஓவியமோ புகைப்படமோ, அச்சுக்குப் போகும் முன் அதை நான்கு நிறமாகப் பிரிக்க வேண்டும்: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. அதற்கு 'பிராசஸ் கேமரா' என்று ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் கேமரா இருந்தது. மூலப்படத்தைப் பலகையில் பொருத்தி, வண்ண வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்து, நிறத்துக்கு ஒரு ஃபிலிம் எடுப்பார்கள். பிறகு பூதக்கண்ணாடி வைத்து அந்த ஃபிலிமின் புள்ளிகளைக் கையாலேயே திருத்துவார்கள். சாமியின் முகத்தில் மஞ்சள் கூடிவிட்டதா, பட்டில் சிவப்பு குறைந்துவிட்டதா என்று ஃபிலிமைப் பார்த்தே சொல்லிவிடும் கண் அவர்களுக்கு இருந்தது. புகைப்படக்காரரிடமும் பெரிய ஸ்லைடு கேட்பார்கள். சிறிய படத்தைப் பெரிதாக்கினால் உடைந்துவிடும்.

காலண்டர் படம் ஒன்று 15 அங்குல அகலம், 20 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 4,500 × 6,000. அதாவது 2 கோடியே 70 லட்சம் புள்ளி. 1999-ன் நிக்கான் டி1 கொடுத்தது அதில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் படத்தை அதே தரத்தில் அச்சிட்டால் 7 அங்குலம்கூட வராது. காலண்டரை எட்ட நின்றுதானே பார்க்கிறோம், 200 புள்ளி போதும் என்றால் 1 கோடியே 20 லட்சம். 2005-ல் வந்த கேனான் 5டி இதைத் தொட்டது. 2008-ல் அதன் அடுத்த மாடல் 2 கோடியைத் தாண்டியது. காலண்டருக்கே டிஜிட்டல் படம் போதும் என்ற நிலை வந்தது இந்த இடைவெளியில்தான். சீரியஸ் புகைப்படக்காரர்கள் காத்திருந்ததும் இதற்காகத்தான்.

அதற்குள் அச்சகமும் மாறிவிட்டது. முதலில் ஸ்கேனர் வந்து பிராசஸ் கேமராவை ஓரம்கட்டியது. பிறகு கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட்டில் பதிக்கும் இயந்திரம் வந்து, நடுவிலிருந்த ஃபிலிமையே நீக்கியது. இளைஞர்கள் ஃபோட்டோஷாப் படித்து உள்ளே வந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்திருந்தவர்களில் சிலர் மவுஸ் பிடித்தார்கள். சிலர் வீட்டுக்குப் போனார்கள். அச்சகத்தின் லாப நஷ்டக் கணக்கில் ஃபிலிம் செலவு குறைந்ததைக் காட்டத் தனித் தலைப்பு உண்டு. அந்தக் கண்கள் போனதைக் காட்ட எந்தத் தலைப்பும் இல்லை.

வைத்துக் காக்கும் செலவு

ஆரம்பத்தில் சொன்ன சந்தேகத்துக்கு வருகிறேன். கிளிக்குக்கான செலவு எங்கே போயிற்று? அது வைத்துக் காக்கும் செலவாக மாறி, நம் தலையில் விழுந்துவிட்டது. ஆனால் அதற்கு யாரும் பில் அனுப்பவில்லை. அதனால் நாமும் அதைக் கட்டவில்லை.

முன்பு நெகட்டிவ் ஸ்டுடியோவில் இருந்தது. ஆல்பம் பீரோவில் இருந்தது. ஃபிலிம் கேமராவும் ஒருமுறை வாங்கினால் 25 வருடம் உழைத்தது. இன்று மூலம், பிரதி இரண்டும் ஒரே செல்போனில். செல்போனின் தேய்மானம் நாலைந்து வருடம். 1975 கல்யாண ஆல்பம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 2006-ல் எடுத்த காதுகுத்துப் படங்களைக் கேட்டால் சி.டி.யைத் தேடுகிறோம், சி.டி. கிடைத்தால் அதைப் போட்டுப் பார்க்க இயந்திரம் இல்லை. ஸ்டுடியோக்கள் மூடியபோது அங்கிருந்த நெகட்டிவ்களும் போயின. அதில் இருப்பது வெள்ளி அல்லவா? பழைய ஃபிலிமை எடைக்கு வாங்கி வெள்ளி பிரிப்பவர்கள் உண்டு. யாருடைய பாட்டியின் முகமோ யாருடைய கொலுசாகவோ ஆகியிருக்கும்.

நம் பக்கத்து மதுரையை 1858-ல் ஒருவர் படம் எடுத்தார். லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி; சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். அப்போது ஃபிலிமும் கிடையாது. காகிதத்தில் மருந்து பூசி நெகட்டிவ் எடுத்தார். மீனாட்சியம்மன் கோவில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் எடுத்தார். செலவு அதிகம் என்று கவர்னர் ட்ரெவெலியன் அந்த வேலையையே நிறுத்தினார். செலவுக் கணக்குப் பார்த்து நிறுத்தப்பட்ட அந்தப் படங்கள் 160 வருடத்துக்கு மேல் கழித்து இன்றும் இருக்கின்றன. காரணம் காகிதத்தின் வலு மட்டும் அல்ல. ஒவ்வொரு படத்துக்கும் பல பிரதி போட்டு, பெயர் எழுதித் தொகுப்பாகக் கட்டி, பல இடங்களில் வைத்தார்கள்.

கம்ப்யூட்டர் துறையினர் இன்று சொல்லும் விதியும் இதுதான். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வெளி இடத்தில். வங்கியில் நாங்கள் செய்ததும் வேறில்லை.

ஆகவே குடியிருப்போருக்கு என் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, வீட்டில் நெகட்டிவ் சுருள் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஸ்கேன் செய்ய இன்றும் வழி உண்டு.

இரண்டாவது, வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் படக் கணக்கையும் முடியுங்கள். ஆயிரத்தில் ஐம்பதைத் தேர்ந்தெடுத்து, ஹார்டு டிஸ்க் ஒன்றிலும், வெளியூரில் இருக்கும் மகன் அல்லது மகளிடமும் ஒரு பிரதி வையுங்கள்.

மூன்றாவது, அதில் பன்னிரண்டையாவது காகிதத்தில் பிரிண்ட் போடுங்கள். அச்சுக்குப் பேர்போன ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? பின்பக்கம் யார், எங்கே, எந்த வருடம் என்று பென்சிலால் எழுதுங்கள். முகம் பதிந்த படத்தில் பெயர் இல்லாவிட்டால், மூன்றாவது தலைமுறைக்கு அது வவுச்சர் இல்லாத பற்று மாதிரி. தொகை தெரியும்; யாருக்கு என்று தெரியாது.